ஈரத் தூள்

ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் சாரதாமணிக்கு, நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் வேலை. பதினான்கு வருடமாக எந்த பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். பி.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம், மேலே படிக்கவில்லை. அதை நினைத்து அவள் பெரிதாக வருந்தியதும் இல்லை, ஜெயப்பிரியா அங்கே வேலைக்கு வரும்வரை.

ஜெயப்பிரியா அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். டைட்ரேஷனில் நிறம் மாறும் இடம் பிடிபடாமல் சாரதாமணியின் அளவைப் பார்த்து எழுதியவள். இப்போது முனைவர் பட்டம், உதவிப் பேராசிரியர், கதவில் பெயர்ப்பலகை. ஆளில்லாத நேரத்தில் "சாரதா" என்று பழையபடி தோளில் கை போடுவாள். அதுதான் சாரதாமணிக்கு இன்னும் எரிந்தது. அதிகாரம் காட்டியிருந்தாலாவது மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஆடியில் ஜெயப்பிரியாவின் ஆராய்ச்சிக்காகப் பதங்கமாதல் கருவி ஒன்று வந்தது. ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் விரல்போல் இறங்கும் குளிர்குழாய், காற்றை உறிஞ்ச ஒரு பம்ப். கொல்லிமலைக் காப்பிக்கொட்டையிலிருந்து எடுத்த பழுப்புத் தூளை அடியில் வைத்துச் சூடேற்றினால், காஃபீன் மட்டும் உருகாமலே ஆவியாகி, குழாயில் வெள்ளை ஊசிகளாகப் படியும். அழுக்கெல்லாம் கீழேயே தங்கிவிடும். இதே முறையில் கற்பூரத்தையும் உப்பையும் பிரிக்கும் பரிசோதனைக்கு வருடா வருடம் எல்லாம் எடுத்து வைத்தவள் சாரதாமணி. இந்தக் கருவியிலோ அவளுக்குக் கிடைத்தது குழாய்க்கு ஐஸ் போடுவதும் பிறகு கழுவுவதும்தான்.

சூடேற்றுவதற்கு முன் அந்தப் பழுப்புத் தூளை உலரவைப்பதும் அவள் பொறுப்பு. தூளை வைத்து மூடும் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் நீலநிறச் சிலிக்கா ஜெல் கிடக்கும். ஈரம் குடித்துக் குடித்து அது சிவந்துவிட்டால், ஓவனில் காயவைத்து மறுபடி போடவேண்டும். புரட்டாசி மழையில் ஜெல் சிவந்தது. மூன்று நாள் பார்த்தாள். மூன்று நாளும் மூடியை மூடிவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் துறைத்தலைவர் முருகானந்தமும் மாணவர்களும் சுற்றி நிற்க, ஜெயப்பிரியா பம்ப்பைப் போட்டுச் சூடு வைத்தாள். தூளிலிருந்த ஈரம் படபடவென்று கொதித்து, பழுப்பை அள்ளிக் குழாய் முழுக்கத் தெளித்தது. பின்வரிசையில் சிரிப்பு.

"என்னுங்க மேடம், காப்பித்தூளே மேல ஏறிப் போச்சு?" என்றார் முருகானந்தம்.

ஜெயப்பிரியாவின் முகம் சுண்டிவிட்டது. "சூட்டை வேகமா ஏத்திப்போட்டனுங்க சார். தப்பு என்ற மேலதான்."

குழாயைக் கழுவும்போது சாரதாமணிக்கு இனித்தது. ராசிபுரம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கசந்தது. "சாரதாதான் சரியா உலர்த்தலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் இவளுக்கும் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். தோற்ற இடத்திலும் அவளே ஒரு படி மேலே நின்றுவிட்டாள். அதைத்தான் சாரதாமணியால் தாங்கமுடியவில்லை.

மறுநாள் முதல் ஆளாகப் போய் ஜெல்லை ஓவனில் வைத்தாள். ஜெயப்பிரியா வந்ததும் சொல்லிவிட்டாள்.

"தூளு ஈரமா இருந்துச்சு. ஜெல்லு செவந்து கெடந்ததைப் பார்த்தேன். வேணும்னேதான் உட்டேன்."

ஜெயப்பிரியா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏன்?"

"உன்னையப் பார்த்தாலே வயிறு எரியுது."

"அதுக்கு எங்கூடச் சண்டை போட்டிருக்கோணும். மூணு வாரத்து வேலை சாரதா அது!" அவள் குரல் உடைந்தது. பையை மேசைமேல் போட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு, "மிச்சத் தூளு இருக்குது. ரெண்டு நாள் நல்லாக் காயட்டும். அப்புறம் நீயே சூடு வை. கெட்டுதுன்னா இந்தத் தடவை உன்ற பேரைத்தான் சொல்லுவேன்" என்றாள்.

சாரதாமணி சூட்டை இம்மி இம்மியாக ஏற்றினாள். ஒரு மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு குழாயின் நுனியில் பனி படர்ந்ததுபோல் ஒரு வெண்மை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லிய ஊசிகளாக நீண்டது. பக்கத்தில் நின்ற ஜெயப்பிரியாவும் குனிந்து பார்த்தாள்.

பொறாமை குறைந்ததா என்றால் இல்லை. இத்தனை வருடமும் ஜெயப்பிரியா இந்த அழகையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று நினைக்க, கூடத்தான் செய்தது. ஆனாலும் சாரதாமணி தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.