ஏழு என்று சொன்ன பிள்ளை

ஐயா, எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது என்று நீங்கள் சொன்னது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னீர்கள்.

இந்தக் கன்னட ஊரில் தமிழில் பாடம் நடக்கும் அந்தச் சின்னப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்களிடம் வருவது ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா அபார்ட்மெண்டில் வீட்டுவேலை. ஜூனில் வகுப்பு நிறைந்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போன பலர் திரும்ப மாட்டார்கள். வேறு பிள்ளைகள் நடுவில் வந்து சேரும். வந்த பிள்ளையின் அழுகையை நிறுத்தி, பெஞ்சில் இடம் பிடித்துக் கொடுத்து, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பாடம். எனக்கு அலுத்துவிட்டது. அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் அடிக்குப் பயந்து எந்தப் பிள்ளையும் படிப்பை விட்டு நின்றதில்லை.

நீங்கள் கேள்வி கேட்ட பிள்ளை திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. என் சாப்பாட்டுப் பை யாரோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. வந்த அன்றே அதிலிருந்த பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, “சாப்பாடு நல்லா இருந்துச்சா மிஸ்?” என்று கேட்டாள்.

கல்வித் துறையிலிருந்து சோதனைக்கு வந்த நீங்கள் அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து “ஹேளு” என்றீர்கள். கன்னடத்தில் ‘சொல்’ என்று அர்த்தம்; பெரியவர்களிடம் என்றால் ‘ஹேளி’. அவசரத்தில் அந்த ‘ஹ’வை முழுங்கிவிட்டீர்கள். அவள் காதில் விழுந்தது ‘ஏழு’. சார் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் போல என்று நினைத்து, “ஏழு” என்றாள். அடுத்த சொல்லுக்கு விரல் போனது. மறுபடி “ஹேளு”. மறுபடி “ஏழு”.

பக்கத்தில் இருந்தவள், “கத்திச் சொல்லுடி, சாருக்குக் காது கேக்கல” என்றாள்.

“ஏழு!” என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் குறுக்கே வந்தேன். “நீவு சும்னிரி மேடம்” என்று என் வாயை அடைத்தீர்கள்.

வராந்தாவில் விஷயத்தை விளக்கினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தீர்கள். அப்புறம் கையிலிருந்த போனைக் காட்டி, “எண்ட்ரி ஆகோய்து மேடம்” என்றீர்கள். எழுத்துத் தெரியாது என்று ஏற்றியாகிவிட்டதாம். ஏற்றியதை மாற்ற முடியாதாம்.

அதை வைத்துத்தான் கூட்டத்தில், இங்கே படிப்பு சரியில்லை, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்றீர்கள். விடியும்போதே வேலைக்குக் கிளம்பும் அம்மாக்கள், யாரை விட்டு அந்த ரோட்டைத் தாண்ட வைப்பார்கள்? கட்டிட வேலை நடக்கும் இடத்துக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதோடு படிப்பு முடிந்தது. இது உங்களுக்கும் தெரியும்.

கூட்டம் கலைந்தபோது அந்தப் பிள்ளையின் அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். “ஊர்ல நல்லாத்தானடி படிச்ச? இங்க வந்து மானத்த வாங்குறியே!”

“நான் சரியாத்தாம்மா சொன்னேன். ஏழுன்னுதான் சொன்னேன்” என்றாள் அவள். இப்போது வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வாயைத் திறப்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் நீங்கள் வர வேண்டும். அதே மைக், அதே அம்மாக்கள். அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து ‘படி’ என்று சொல்லுங்கள், அது ஒரு சொல்தான். அவள் வாய் திறக்கும் வரை நில்லுங்கள். படித்து முடித்ததும், எங்கள் பள்ளியை எதற்காக மூடுகிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். கன்னடத்திலேயே சொல்லலாம், எங்களுக்குப் புரியும்.

ஹேளி சார்.