முன்னாடி கலியாணசுந்தரம்

"பஸ் போயிடுச்சுபா" என்று யாராவது தலையைச் சொறிந்தால், தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே கலியாணசுந்தரம் கேட்பார்: "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சே, அத இன்னா பண்ண?" மருமகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று பக்கத்து வீட்டு அங்கம்மாள் மூக்கைச் சிந்தினால், "அதுக்கு முன்னாடி நீ இன்னா சொன்ன?" பல்லவன் கட்டிய கோயில் என்று வெளியூர்க்காரர் அண்ணாந்து பார்த்தால், "அதுக்கு முன்னாடி இங்க இன்னா இருந்துச்சு?" பெரிய காஞ்சிபுரத்தில் கலியாணசுந்தரங்கள் நாலைந்து பேர் உண்டு. 'முன்னாடி' கலியாணசுந்தரம் என்றால் இவர் ஒருவர்தான்.

ஆள் ஒல்லி. குரல் அப்படியில்லை. தறியில் நாடா குறுக்கும் நெடுக்கும் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். "சாமி ஒலகத்தப் படைச்சாரு, சரி. அதுக்கு முன்னாடி இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?" என்று குருக்களையே மடக்கியவர். குருக்கள் சிரித்துக்கொண்டே திருநீற்றைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

நகராத ஒரே ஆள் கோதண்டபாணி. உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான மாஸ்டர். ஐந்தாம் வகுப்புவரை இவரோடு ஒரே பெஞ்சு. அப்புறம் இவர் தறிக்குப் போனார், அவர் காலேஜுக்குப் போனார், சிநேகம் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஞாயிறு சாயங்காலமானால் மாஸ்டர் வந்து தறிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பூமி, சூரியன், நட்சத்திரம் என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் 'முன்னாடி, முன்னாடி' என்று பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவார். இரண்டு பேருக்கும் அதில் அப்படியொரு ருசி.

சந்திரனில் மனிதன் இறங்கிய வருஷம், ஊரெல்லாம் வானத்துப் பேச்சு. படிப்பகத்துக்காரர்கள் மாஸ்டரை மேடையேற்றினார்கள். மனிதர் கூச்ச சுபாவி. ஆனாலும் அழகாகப் பேசினார். நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி ஓடிக்கொண்டே இருக்கின்றனவாம். அப்படியென்றால் ஒரு காலத்தில் எல்லாம் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்; அங்கிருந்துதான் எல்லாம் வெடித்துக் கிளம்பியது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள் என்றார். கூட்டம் வாயைப் பிளந்தது.

"அதுக்கு முன்னாடி?" முன்வரிசையிலிருந்து குரல். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியாது. யாருக்குமே இன்னும் தெரியாது. முன்னாடி என்று ஒன்று இருந்ததா என்பதே தெரியாது" என்றார்.

கலியாணசுந்தரம் அதோடு விட்டிருக்கலாம். பாழும் வாய் விட்டதா? "அப்போ பழைய நுனி இல்லாம புதுப் பாவ எதுல மாஸ்டர் பிணைச்சாங்க?"

கூட்டத்தில் முக்கால்வாசி நெசவாளிகள். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், முடிந்தால் அதன் நுனியை அப்படியே விட்டுவைத்து, அடுத்த பாவை இழை இழையாக அதோடு முறுக்கிப் பிணைப்பார்கள் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். சிரிப்பு அடங்கவே இல்லை. விசில் வேறு. மாஸ்டர் பாதிப் பேச்சிலேயே மேடையை விட்டு இறங்கினார். அந்த ஞாயிறு முக்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும்தான்.

"வெளையாட்டுக்குச் சொன்னதுக்கு இத்தினி ரோஷமா?" என்று கலியாணசுந்தரமும் முறுக்கிக்கொண்டார். அந்த முறுக்கிலேயே வருஷங்கள் போய்விட்டன.

போன தை மாதம் வீட்டில் இன்னொரு தறி போட்டார். புதுத் தறியில் பழைய நுனி ஏது? விழுதுக் கண்ணிகளிலும் அச்சுப் பற்களிலும் ஒவ்வோர் இழையாகக் கையால் கோத்தாக வேண்டும். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் இழை எடுத்துக் கொடுக்க மனைவி கமலவேணி. "பழைய நுனி இல்லன்னா கண்ணு அவிஞ்சிடும் போலக்குதுயா" என்று அவள் சும்மாதான் சொன்னாள். இவர் கை நின்றுவிட்டது.

"புதுத் தறின்னா நுனியே கெடையாது இல்ல?" என்றார். "இது தெரிஞ்ச நானே அவன அத்தினி பேர் எதுர்ல கேவலப்படுத்திட்டேனே! நான் கேட்ட கேள்விக்கெல்லாம் எவன் எவனோ இன்னா இன்னாவோ அளந்தான். தெரியாதுன்னு ஒத்துக்கினவன் அவன் ஒருத்தன்தான்மே."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு சிரிப்புக்காகத் தூக்கிப் போட்டோம் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். போன சுருக்கில் திரும்பிவிட்டார்.

"இன்னாயா, கோவமா இருந்தாரா?" கமலவேணி வாசலிலேயே மறித்தாள்.

"கோவமே இல்ல. சிரிச்ச மொகமாத்தான் பேசினாரு. தப்பாப் பேசிட்டேன்னு சொன்னேன். அதெல்லாம் அப்பவே மறந்துட்டாராம்."

"அப்புறம் இன்னா? நல்லதாப் போச்சு."

"வாங்கன்னாரு. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்கன்னாரு. காபி சாப்புடுறீங்களான்னு கேட்டாரு."

கமலவேணிக்குப் புரியவில்லை. "மரியாதையாத்தான நடத்திக்கிறாரு?"

"ஒண்ணாங் கிளாஸ்லேந்து என்ன வாடா போடான்னவன்மே அவன்" என்று ஆரம்பித்த கலியாணசுந்தரம், தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.