காய் நிரப்பிய பந்து

அடுத்த வீட்டுப் பெண், வீட்டிலிருந்தே கணிப்பொறி வேலை பார்ப்பவர், நேற்று முற்பகலில் எங்களிடம் புனல் கேட்டு வந்தார். பலூன் ஒன்றில் மைதா மாவை அடைத்துப் பந்து செய்யப்போகிறாராம். ஊதுபை என்றெழுதவே என் கை விழைகிறது; நண்பர்கள் நகைப்பீர்கள் என்று அடங்குகிறேன். “டென்சனா இருந்தா இதப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கணுங்கய்யா. செல்லுல காட்டுறாங்க” என்றார். செய்து முடித்ததும் என் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். அதில் மாவின் மணம்கூட இல்லை. ஆயினும் என் மூக்கு ஏலத்தின் மணத்தை உணர்ந்தது.

போடியில் காய் என்றாலே ஏலக்காய்தான். குரங்கணிக்கு மேலுள்ள சரிவுகளிலிருந்தும் எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களிலிருந்தும் மூட்டைகள் ஜீப்பில் இறங்கும். கிடங்குகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, வெடித்ததையும் வெளுத்ததையும் விரல்நுனியால் ஒதுக்குவார்கள். கணவரை இழந்து என்னோடு வாழ்ந்த என் தமக்கையும் அவர்களுள் ஒருத்தி. நான் அப்போது புதிதாகத் தமிழாசிரியப் பணியில் சேர்ந்திருந்தேன். இனி வேலைக்குப் போகவேண்டாம் என்றேன். “ஒன் சோத்துல ஒக்காந்து திங்கவா பொறந்தேன்? போடா, சோலியப் பாரு” என்றாள். அவளுடைய நிமிர்வு முழுவதும் அந்த வேலையில்தான் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. மெத்தென்ற எதையேனும் பிசைந்துகொண்டே இருக்கச் சொன்னார் மருத்துவர். கிடங்கு மேலாளரோ, பங்குனிக்குள் வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி அமர்வாள் என்று சொல்லியனுப்பினார்.

பந்து செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன். திருவிழாவில் வாங்கிய பலூனில் அரிசிமாவை அடைத்தேன். சற்று மிகுதியாக அடைத்துவிட்டேன் போலும், முடிச்சிடும்போதே வெடித்தது. எதிர்வீட்டு வீரம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். அதே கிடங்கின் வாயிலில், மாலையில் வெளியேறும் பெண்களின் மடியைச் சோதிப்பது அவள் வேலை. “மதினி, கோலமாவு வாங்கவேணாம். தம்பி மூஞ்சியச் சொரண்டுனாப் போதும்” என்றாள். அடுத்து என் காலுறை ஒன்றில் அரிசியை இட்டுக் கட்டினேன். தமக்கை இரு நாள் பிசைந்துவிட்டுத் தள்ளிவைத்தாள். “அரிசி கைக்குப் பிடிபடல தம்பி. காயப் போட்டுக் கொண்டா. அதுன்னா வெரலுக்குத் தெரியும்.”

தீபாவளிதோறும் கிடங்கில் ஆளுக்கொரு பிடி காய் கொடுப்பார்கள். அவள் அதைச் செலவழிக்காமல் தகரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். அதைப் பழஞ்சேலைத் துணியில் பொதிந்து, பந்தாகத் தைத்துக் கொடுத்தவள் வீரம்மாள்தான். மிக நுண்ணிய தையல். தமக்கை அடுப்படியிலும் கோவிலிலும் பிசைந்தாள். வீடெங்கும் மணத்தது. மாசி முடிவதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், இடையிடையே விரல் இறுகுமே என்று பந்தை மடியில் செருகிக்கொண்டு போனாள். உள்ளே போவோரை எவரும் சோதிப்பதில்லை. வெளியே வருகையில்தான் சோதனை என்பது, அத்தனை ஆண்டுகள் அந்த வாயிலைக் கடந்தவளுக்கு அன்று நினைவுக்கு வரவில்லை. நாள் முழுதும் காயின் மணத்தில் இருப்பவளுக்குத் தன் மடியிலிருந்து வந்த மணம் எப்படித் தெரியும்?

மேலாளர் அருகில் நின்றிருந்தார். வீரம்மாளின் கை பந்தின்மேல் பட்டு நின்றது. “என்னது அது?” என்று கேட்டு அவரே வாங்கிப் பிரித்தார். காய்கள் தரையில் சிதறின.

செய்தி கேட்டு ஓடினேன். ஊன்றிச் சிந்தித்து, தெளிந்த சொற்களால், காரணகாரியத்தோடு எடுத்துரைத்தேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். “சாரு, நீங்க பேசுறதக் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள இருந்தது காயிதான?” என் செந்தமிழ் அத்தோடு ஓய்ந்தது. வீரம்மாளிடம் திரும்பி, இதைத் தைத்தவள் நீதானே, சொல் என்றேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

தமக்கை அவளிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. “வா தம்பி, போவோம். அவளுக்கும் பொழப்பு இருக்குல்ல” என்றாள். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு இல்லை, இன்றும் இல்லை. அதன்பின் போடியில் எந்தக் கிடங்கும் தமக்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. களவாடியவள் என்ற சொல் அவளுக்கு முன்னே எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ராசிங்காபுரத்துக்குக் களையெடுக்கப் போனாள்.

சில ஆண்டுகளில் அந்தக் கிடங்குக்கு நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. வரிசையாக அமர்ந்திருந்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சோதிக்க மடி இல்லாதபோது வீரம்மாள் எதற்கு? அவளும் ராசிங்காபுரத்துக்கே களையெடுக்க வந்தாள். ஒரே வண்டியில், ஒரே பலகையில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருவரும் போய்வந்தார்கள். தமக்கை இறந்தபோது வீரம்மாள் தெருமுனைவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப்போனாள். சென்ற ஆண்டு அவளும் போய்விட்டாள்.

என் தமக்கை திருடவில்லை என்பதை அறிந்தவர்களாக அந்தத் தெருவில் இருவர் இருந்தோம். இப்போது நான் மட்டுமே இருக்கிறேன்.