சாயக் கையும் சிவப்பு வெளிச்சமும்

பிரிஸ்கில்லா சிஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆம்பூரில் யார் எதிரே வந்தாலும் முதலில் நகத்தைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. அந்த வழக்கம் ஒரே காலையில் வந்தது.

1997இல் அவர் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்கு, விரலில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்கினார்கள். ஊசி கிடையாது. சிவப்பு வெளிச்சம் விரலுக்குள் புகுந்து மறுபக்கம் வரும்; ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பெட்டியில் எண் தெரியும். தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் கவலையில்லை. அருமையான கருவிதான். ஆனால் அதைச் செய்த புண்ணியவான் தோல் பதனிடும் ஷாப்பில் சாயம் அடிப்பவரின் கையைப் பார்த்ததே இல்லை.

சத்தார் பதினெட்டு வருடமாகக் கறுப்புச் சாயம் அடிப்பவர். குடலிறக்கம். ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இந்த முறையும் தவறினால் வேறு ஆள் வைத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். பெரிய டாக்டர் முன்னால் கறுத்த விரலோடு படுப்பதா என்று, மனைவி அக்தரி பேகம் பத்து விரல் நுனியிலும் மருதாணியை அப்பி அனுப்பினார். வார்டே அவரை மாப்பிள்ளை என்று கேலி செய்தது.

கிளிப்பை மாட்டினால் எண்பத்தொன்று.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ராமமூர்த்தி கையுறையைக் கழற்றிவிட்டார். "நுரையீரல்ல ஏதோ கோளாறு. இன்னிக்கு வேணாம்."

சத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிஸ்கில்லா அவர் உதட்டைப் பார்த்தார். நீலம் இல்லை. மூச்சும் சீராக இருந்தது.

"சார், இவருக்கு ஒண்ணுமில்ல. வெளிச்சம்தான் சாயத்தைத் தாண்டல" என்றவர், ஸ்பிரிட்டால் விரலைத் தேய்த்தார். எண்பத்துமூன்று.

"இது சோறு துன்னக் கை கழுவும்போதே போவாது சிஸ்டர்" என்றார் சத்தார்.

"பாய், ஷாப்புல காலுக்கு இன்னா போடுவீங்க?"

"கம் பூட்ஸ். முட்டி வரைக்கும் ரப்பரு."

பிரிஸ்கில்லா போர்வையை விலக்கி, கால் கட்டை விரலில் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றேழு.

"கால்ல ஜாஸ்தியா காட்டுதோ என்னமோ" என்று டாக்டர் இழுத்தார்.

பிரிஸ்கில்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிளிப்பைத் தன் கைவிரலில் மாட்டிக் காட்டினார், தொண்ணூற்றெட்டு. செருப்பைக் கழற்றிக் கால் விரலிலும் மாட்டினார். அதே தொண்ணூற்றெட்டு.

"இப்போ சொல்லுங்க சார்."

டாக்டர் சிரித்துக்கொண்டே புதுக் கையுறை கேட்டார். மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது.

நடந்ததைக் கேட்ட அக்தரி பேகம் அழுதே விட்டார். "என் மருதாணிதான் கெடுக்கப் பாத்துச்சா சிஸ்டர்?"

"நீங்க ஒரு நாள்தாம்மா வெச்சீங்க. அது பதினெட்டு வருஷச் சாயம்."

அதற்குப் பிறகு சாயக்காரர்கள் அந்தத் தியேட்டர் வாசலுக்கு வந்ததும் தாங்களே காலை நீட்ட ஆரம்பித்தார்கள். சத்தார் பழைய வேலைக்கே திரும்பினார். ரம்ஜானுக்கு முந்தின நாள் அக்தரி பேகம் ஒரு கிண்ணம் மருதாணியோடு வந்து நின்றார்.

"தியேட்டர்ல நிக்கறவ கைல வெச்சுக்கக் கூடாதும்மா" என்றார் பிரிஸ்கில்லா. அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. பிரிஸ்கில்லாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பை உதறிவிட்டு, இரண்டு காலையும் நீட்டினார்.

"இங்க வைங்க. கட்டை விரலை மட்டும் உட்டுடுங்க. அது எனக்கு எப்ப வேணுமோ, யாரு கண்டா?"