விற்காத தாலி

பங்கு மக்களே, நான் சாராயத்தை விட்டு நான்கு வருடம் ஆகிறது. அந்த நான்கு வருடத்தையும் ஒரே மாலையில் தொலைக்கப் பார்த்தேன். குடி ஆசையால்கூட இல்லை. பொறாமையால்.

அருள்தாசும் நானும் வில்லியனூரில் ஒரே கடையில் குடித்தவர்கள், ஒரே மாதத்தில் விட்டவர்கள். போன தவக்காலத்தில் அவன், மாதா தன்னைக் குடியிலிருந்து மீட்ட சாட்சியைப் புத்தகமாகப் போட்டான். குடித்தே செத்துப்போய்ப் பிணவறையில் கிடந்தவனை மாதா கைதொட்டு எழுப்பினாராம். அன்று அவன் கிடந்தது கரும்பு வயல் வாய்க்காலில். தூக்கி உட்கார வைத்தவன் நான். புத்தகத்தில் என் பெயர்கூட இல்லை. இங்கேதான் இருக்கிறான், கோபித்தால் கோபிக்கட்டும்.

பூசை முடிந்ததும் ஜனங்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் மனைவி ஸ்டெல்லாவே இரண்டு புத்தகம் வாங்கி வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மாதா குளக்கரையில் முழங்கால் போட்டு, அவனுக்குக் கொடுத்ததைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டும் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. நானே எழுதிக்கொண்டேன், மனைவியின் தாலியை விற்றுக் குடித்த பாவி நான் என்று.

என் எழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் ஸ்டெல்லாதான் நோட்டில் திருத்தமாக எழுதித் தந்தாள். தாலி வந்த இடத்தில் கை நின்றது.

"இது என் கழுத்துலயே கெடக்குது. எப்பயா வித்த?"

ஒரு பேச்சுக்கு எழுதினேன், அருள்தாஸ் எழுதவில்லையா என்றேன். அவள் நோட்டை மூடினாள்.

"நீ பொய் சொல்றத நிறுத்திட்டன்னுதான் குடிய வுட்டதயும் நம்புனேன். இனிமே இன்னாத்த நம்பறது?"

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் நுழைந்தால் கிட்டே வந்து வாயை மோந்து பார்த்தாள். நான்கு வருடமாக அவள் அப்படிச் செய்ததில்லை. நம்பாதவளுக்காக எதற்கு விட வேண்டும் என்று ஒரு நாள் பொழுது சாயக் கடைக்கே போய்விட்டேன். வாசலில் நின்று, "தாயே, பெரிய சாட்சி வேண்டாம். ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வாய் கொடுங்கள்" என்று செபித்தேன். ஒளி எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. கால் வீட்டுப் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எங்கள் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கேக் வாங்கப் போன நான் பூசைக்கு வரவேயில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டது என்று நான் சொன்னதை இருவரும் நம்பியிருந்தார்கள். நான் இருந்தது சாராயக் கடையில். தாலியை விற்றதாக எழுதக் கூசாத எனக்கு, இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் வெகுநேரம் அழுதாள். "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றாள். மறுநாளிலிருந்து என்னை மோந்து பார்க்கவில்லை.

மாதாவுக்குக் கோடி நன்றி. அருள்தாஸ் புத்தகத்தைக் கண்டால் எனக்கு இன்னும் எரிகிறது, அதுவும் உண்மை. நீங்களும் மாதாவிடம் கேளுங்கள். உள்ளதைச் சொல்லத் தைரியம் கேளுங்கள், தருவார்.

என் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

கண்ணு, அன்னிக்கு பஸ்ஸெல்லாம் ஓடுச்சு. அப்பாதான் வரல.