என் மாமா பார்த்த அருந்ததி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரெட்டிபாளையம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் கடப்பாரை பிடித்தேன். பிறகு அதே குழிக்குள் என் பெயர் எழுதிய லாரி இறங்கியது. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. கணக்கும் இங்கிலீஷும் தெரியாவிட்டாலும் ஓர் ஆளைப் பார்த்தால் அவன் எதை மறைக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே அது வராது.

எழுபதுகளின் கடைசி அது. என் முதல் லாரியை ஓட்டியவர் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். பகலில் அவர் வண்டி ஓட்டுவது அழகு, அதை நான் மறுத்ததே இல்லை. குழியின் சரிவில் கல் ஏற்றிய லாரியை ஒரு குலுங்கல் இல்லாமல் மேலே கொண்டுவருவார். பொழுது சாய்ந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். ஒருநாள் வயிற்றுவலி, ஒருநாள் கோயில், ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். சிமெண்ட் ஆலைக்கு ராத்திரி லோடு அடிக்க ஆரம்பித்திருந்த சமயம். ஊரில் எல்லா லாரியும் ஓட, என் லாரி அக்கா வீட்டு வாசலில் படுத்துக் கிடந்தது.

மாலைக்கண் என்று எனக்குச் சந்தேகம். இருட்டினால் அக்கா அவர் பின்னாலேயே நடப்பாள். “இந்தக் கல்ல எவன் இங்க போட்டான்?” என்று யாரையோ திட்டுவாள். அவருக்குக் கல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அப்படி ஒரு ஜோடி. கையில் நிலம் கிடையாது, வேறு தொழில் தெரியாது. அந்த ஸ்டியரிங் போனால் அவர்களுக்குச் சோறு போய்விடும். நேரில் கேட்டால் உண்மை வராது. அதனால் வேறு வழி யோசித்தேன்.

ஆலையில் ஒரு எஞ்சினியர் என்னிடம் பிரியமாக இருந்தார். கொடைக்கானலில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பங்களா ஒன்று இருக்கிறது, அங்கே டெலஸ்கோப் வைத்து நட்சத்திரம் காட்டுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். சிபாரிசும் பிடித்துக் கொடுத்தார். சித்திரை வெயிலில் அரியலூர் வெந்துகொண்டிருந்தது. என் வீட்டார், அக்கா, மாமா, குழிக்கு வரும் மற்ற லாரிகளின் டிரைவர்கள் என்று எல்லோரையும் வாடகை வேனில் ஏற்றினேன். செலவு என்னுடையது. “எந்த மொதலாளி டிரைவருக்கு நட்சத்திரம் காட்டுறாரு?” என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். வேனை ஓட்டியது மாமா. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவையும் தடவிக் கொடுத்துக்கொண்டே போனார். அக்கா முகத்தில் அன்று இருந்த பெருமையைப் பார்த்தேன்.

பங்களாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. கனத்த கருங்கல் சுவர், மேலே கவிழ்த்த சட்டி மாதிரி கூரை. முற்றத்து ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் மலை காலடியில் சரிந்து, சமவெளி முழுக்கத் தெரிந்தது. இருட்ட ஆரம்பித்ததும் கீழே பெரியகுளத்து விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அக்கா மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, குளுருது. பொம்பளையெல்லாம் போயி வேன்ல உக்காருங்க. நாங்க பாத்துட்டு வரோம்.”

“நானும் ஒருவாட்டி பாத்துட்டுப் போறனே தம்பி.”

“அப்புறம் பாக்கலாம், போக்கா.”

அவள் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மாமா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்று, ஊர் இருந்த திசையை விட்டு, ஒரு பொட்டு வெளிச்சமில்லாத காட்டுப் பக்கமாக அவர் தோளைத் திருப்பினேன்.

“பாத்தீங்களா மாமா, ஊரு எப்புடி ஜொலிக்குது!”

“ஆமா மாப்ளே. கார்த்திகைக்கு ஏத்தி வச்ச மாதிரியில்ல இருக்கு!”

எனக்கு அதுவே போதும். ஆனால் நான் மட்டும் தெரிந்துகொண்டால் நாளைக்கு அக்கா அழுது என்னைக் கெட்டவனாக்குவாள். நாலு பேர் பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் காட்டுகிறவர் நல்ல மனுஷர். டெலஸ்கோப்பை முற்றத்தில் நிறுத்தி, வடக்கே பார்த்துத் திருப்பிவிட்டு, “இதுலதான் அருந்ததியைக் காட்டப் போறேன். கொஞ்சம் இருங்க” என்று ஏதோ சாமான் எடுக்க உள்ளே போனார். குழாயின் வாயில் மூடி போட்டபடியே இருந்தது. நான் கவனித்தேன்.

“வூட்டுக்கு மூத்த மாப்ள நீங்க. மொதல்ல நீங்க பாருங்க மாமா” என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்க் குனிய வைத்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் உச்சி வெயிலில் ஐயர் வானத்தைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்பார். பகலில் எந்த நட்சத்திரம் தெரியும்? பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு “தெரியுது” என்பார்கள். இல்லை என்று சொன்னவர் கிடையாது. அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவனுக்கு ஆயுசு முடிந்தது என்று வேறு கிழவிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாமா எப்படிச் சொல்வார் இல்லை என்று?

“ஆகா! பளிச்சுனு இருக்குடா மாப்ளே. பக்கத்துலயே வசிஷ்டரும் நிக்கிறாரு!”

ஒரு டிரைவர் வெடித்தான்.

“அண்ணே, மூடியே இன்னும் தொறக்கலண்ணே!”

“மூடி போட்டே வசிஷ்டரப் பாத்துட்டாரு. தொறந்தா அவரு புள்ள குட்டியெல்லாம் தெரியும்போல!”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா நிமிரவில்லை. கண்ணைக் குழாயில் ஒட்டியபடியே, “வெளையாட்டுக்குச் சொன்னேன்” என்றார். உள்ளேயிருந்து வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினார். நாங்கள் வரிசையில் நின்று பார்த்தோம். இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. நன்றாகத்தான் இருந்தது. மாமா மறுபடி கேட்கவில்லை. நாங்களும் அவரைக் கூப்பிடவில்லை.

வேன் நின்ற இடத்துக்குச் சரிவில் இறங்க வேண்டும். டார்ச் என் கையில். எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

“மாப்ளே, கொஞ்சம் வெளிச்சம் காட்டு” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“அருந்ததியே தெரியிற கண்ணுக்குப் பாதை தெரியாதா மாமா? வாங்க!”

டிரைவர்கள் மறுபடி சிரித்தார்கள். கீழே வேனிலிருந்து அக்கா இறங்கினாள். சிரிப்பைக் கேட்டிருப்பாள். எங்களைத் தாண்டி, விளக்கு எதுவும் இல்லாமல் மேலே ஏறினாள். இருவரும் வந்து சேர வெகு நேரம் ஆயிற்று. அவர் வேட்டியெல்லாம் மண். அவள் அவர் கையை விடவில்லை. மறைக்கிற மாதிரி பிடிக்கவில்லை இப்போது; குருடரைப் பிடிப்பதுபோல் எல்லோரும் பார்க்கவே பிடித்திருந்தாள்.

அன்றிரவு வேறொரு டிரைவர் வேனை லாட்ஜுக்கு ஓட்டினான். காலையில் லாட்ஜ் வாசலில் கை நீட்டினேன். லாரிச் சாவியை அவர் எப்போதும் அரைஞாணில்தான் முடிந்திருப்பார். முடிச்சு அவருக்கு அவிழவில்லை. அக்காதான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

“இத வூட்டுலயே கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா. இதுக்கா மலையேத்தின?”

“ராத்திரில அவரு ஓட்டி யாரு மேலயாவது ஏத்தியிருந்தா?”

“அவருதான் ராத்திரில ஓட்டவே இல்லியே.”

இருவரும் என் வேனில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துபோனார்கள்.

வேறு டிரைவர் போட்டேன். லாரி ராத்திரியும் பகலும் ஓடியது. அதிலிருந்துதான் அடுத்த லாரி, அதற்கடுத்தது, இன்று நான் இருக்கிற மாடி வீடு. நான் செய்தது தப்பு என்று இதுவரை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. தொழில் என்றால் அப்படித்தான்.

அவர்கள் உடையார்பாளையம் பக்கம் குடிபோனார்கள். அக்கா முந்திரி உடைக்கப் போனாள். சாலையோரம்தான் கொட்டகை. என் லாரியில் அந்த வழி போகும்போதெல்லாம் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் மாமா, பகல் பார்வையும் மங்கிவிட்டதால், சத்தத்தை வைத்தே வண்டியைக் கண்டுபிடித்து எழுந்து நின்று கும்பிடுவார். உள்ளே அக்காவின் கை நிற்காது. முந்திரி ஓட்டுப் பாலில் கறுத்துப்போன விரல்களோடு அடுத்த கொட்டையை எடுத்து வைத்து உடைப்பாள். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவ்வளவு திமிர்.