மார்செலின் அப்பாவின் துவக்கு

மூக்கைச் சீறினால் கைலேஞ்சியில மண்ணிறத் தூள் வரும்… வால்நட் மரத்தூள். குளிச்சாலும் போகாது. சோத்தைக் குழைச்சு வாயில வைச்சால் அதுவும் வார்னிஷ் மணக்கும்.

2004 அளவில இருக்கும். கியூபெக்கில, செயின்ட்-மிஷேலில பழைய தளபாடம் புதுப்பிக்கிற ஒரு வேர்க்ஷொப். கதிரையோ அலுமாரியோ, எது வந்தாலும் வெறும் மரம் தெரியிற மட்டும் சாண்ட் பேப்பர் போடுறதுதான் என்ர வேலை. அதில நான் கெட்டிக்காரன்… இப்பவும் சொல்லுவன்.

பக்கத்து மேசையில மார்செல். லொங்குய்யில இருந்து வாற கியூபெக்காரன், என்ர வயசுதான். நான் சேந்த புதுசில சாப்பாட்டு நேரம் கேட்டான்.

"சிறிலங்காவோ? அங்க சண்டையெல்லே… நீயும் சண்டை பிடிச்சனியோ?"

நான் ஓமெண்டு சொல்லேல்லை. இல்லையெண்டும் சொல்லேல்லை. கொஞ்ச நேரம் யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தன்… அவ்வளவுதான். அடுத்த நாளே எல்லாரும் என்னைப் பாக்கிற பார்வை மாறிப்போச்சு. "டேய் வா, இதைத் தூக்கு" எண்டு கூப்பிட்டவங்கள் "சிவா, கொஞ்சம் வாறியோ" எண்டு கேக்கத் தொடங்கினாங்கள். எனக்கு அது நல்லாத்தான் இருந்தது.

உண்மை என்னெண்டால், அங்க சண்டை நடக்கேக்க நான் கொழும்பில ஒரு லொட்ஜில கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டு, ஏஜென்சிக்காரன் எப்ப வெளிநாட்டுக்கு அனுப்புவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இமிகிரேஷன் விசாரணையில, துவக்கைக் கையால தொட்டதே இல்லையெண்டு சத்தியம் பண்ணினன். அது கலப்படமில்லாத உண்மை.

அந்த ஆவணியில மார்செல் நீளப் பெட்டி ஒண்டோட வந்தான். பங்குனியில செத்துப்போன அவன்ர அப்பாவின்ர வேட்டைத் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் கையால போல்ட்டை இழுத்துத் தள்ளுற பழைய காலத்துச் சாமான். போல்ட்டைக் கழட்டி வீட்டில பூட்டி வைச்சிட்டு மிச்சத்தைத்தான் கொண்டு வந்தவன். குழலில அங்கங்க துரு. மரப்பிடி மங்கி, கீறல் விழுந்து கிடந்தது. அப்பா நெடுவல், இவன் கட்டை. அதால பிடியின்ர அடியில ஒரு அங்குலம் வெட்டி, தோளில இடிக்காமல் ரப்பர் பூட்டி, மரத்தையும் வடிவாக்கித் தரச் சொன்னான். ஐப்பசியில மூஸ் மான் வேட்டைக்கு அதைத்தான் கொண்டு போகப் போறானாம். அப்பா இல்லாமல் போற முதல் வேட்டை.

"கடையில குடுக்கலாம் சிவா. ஆனா உனக்குத் துவக்கைப் பற்றித் தெரியும். வேற ஆரையும் இதைத் தொட விட மாட்டன்."

அப்ப சொல்லியிருக்கலாம்… ஒரு நிமிஷ வேலை. நான் என்னெண்டால், எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி வாங்கி ஒருக்காத் திருப்பிப் பாத்திட்டுத் தலையை ஆட்டினன்.

ரெண்டு கிழமை, சாப்பாட்டு நேரமெல்லாம் அதோடதான். துருவை எண்ணெய் போட்டு மெல்ல எடுத்தன். வெட்டினதும் ரப்பர் பூட்டினதும் ஒரு நூல் பிசகேல்லை. மரத்தின்ர ஒரு பக்கத்தில உள்ளங்கை அளவில கறுப்பா ஒரு இடம், வழவழவெண்டு. பழைய கதிரைக் கைபிடியில ஏறுற ஊத்தை மாதிரி. நான் விடுவனோ? மூண்டு விதமான சாண்ட் பேப்பர் போட்டு அடியோட எடுத்திட்டன். பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசி… மரம் பளபளத்தது.

மார்செல் வாங்கித் தோளில வைச்சான். தலையைச் சரிச்சுக் கன்னத்தை மரத்தில வைச்சான். அப்பிடியே நிண்டான்… பிறகு இறக்கி, அந்த இடத்தை விரலால தடவித் தடவிப் பாத்தான்.

அது அவன்ர அப்பாவின்ர கன்னம் பட்ட இடம். எத்தினையோ வருஷமா வேர்வையும் தாடியும் பட்டுக் கறுத்தது. அவர் எண்டு சொல்ல அவனிட்ட மிஞ்சியிருந்தது அதுதான். ஒரு நாள் துவக்குப் பிடிச்சவனுக்கும் தெரியும், கன்னம் எங்க படும் எண்டு. எனக்குத் தெரியேல்லை.

பிடிபட்டிட்டன் எண்டு நினைச்சன்.

அவன் என்ர தோளில கையைப் போட்டான்.

"பிழை என்னில சிவா. நீ பட்டதுக்குப் பிறகு இதை உன்ர கையில தந்திருக்கக் கூடாது. ஒரு மனுசன்ர அடையாளம் துவக்கில இருக்கிறதை உன்னால பாக்க ஏலாமப் போயிருக்கும்… மன்னிச்சுக்கொள்."

அப்பன்ர அடையாளத்தை இழந்தவன் என்னட்ட மன்னிப்புக் கேக்கிறான். நான் அதையும் வாங்கி வைச்சுக்கொண்டு நிண்டன்.

வீட்டில மனிசியிட்டச் சொன்னன். அவ வன்னியில இருந்து வந்தவ. பங்கருக்குள்ள இருந்து படிச்சவ, தம்பியை ஷெல்லுக்குப் பறிகுடுத்தவ. சோறு போட்டுக்கொண்டிருந்தவ அகப்பையைக் கீழ வைச்சிட்டா.

"பட்டது நாங்கள்… பேர் உங்களுக்கோ?"

பிறகு, "நாளைக்கே போய் அந்த மனுசனிட்டச் சொல்லுங்கோ" எண்டா. ஓமெண்டன். நாளைக்கு, நாளைக்கு எண்டு மழை போய்ப் பனி வந்தது. பேந்து வேர்க்ஷொப்பும் மூடிப்போச்சு.

இப்ப அந்த இடத்தில கொண்டோ மாடிக் கட்டிடம் நிக்குது. நானும் மரத்தூளை விட்டுக் கனகாலம்.

போன மாசம் புரோசார்ட்டில ஒரு கடையில மார்செலைக் கண்டன். தலை முழுக்க நரை. கட்டிப்பிடிச்சான். இப்பவும் அந்தத் துவக்கோடதான் வேட்டைக்குப் போறானாம். பக்கத்தில நிண்ட தன்ர மனிசிக்குச் சொன்னான்:

"இவர்தான் சிவா. சண்டைக்குப் பிறகு, எனக்காகத்தான் திரும்பத் துவக்கைத் தொட்டவர்."

அவ என்ர ரெண்டு கையையும் பிடிச்சு "மெர்சி" எண்டு நன்றி சொன்னா. என்ர மனிசி சாமான் வண்டிலைப் பிடிச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்தில நிண்டவ. என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா.

அந்த நாளில, எனக்குப் பிரெஞ்சு சரியா வராது, அதாலதான் சொல்லேல்லை எண்டு மனசுக்கு ஒரு சாட்டு வைச்சிருந்தன். இப்ப பிரெஞ்சு தண்ணி மாதிரி வருது…

"பரவாயில்லை" எண்டு பிரெஞ்சில சொல்லிப்போட்டு வந்தன்.